மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று எந்தக் கருத்தில் சொல்கிறார்களோ, அதே கருத்தில் ஹைதராபாத்தில் ‘எர்ரகட்டா’ என்கிறார்கள். இரண்டும் அரசாங்க மனநல மருத்துவமனைகள் உள்ள இடங்கள். இரண்டும் கேலிப் பேச்சில் வசைச்சொல்லாகிவிட்டன. எர்ரகட்டா மருத்துவமனை உஸ்மானியா மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. ஆயினும் அதன் வாயிலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, ஓரிடத்தில் பத்து நாள், வேறிடத்தில் ஒரு மாதம் என்று அலைபவர்கள் உண்டு. செகந்தராபாத்தில் வாழும் நம் நண்பர் ஒருவர் நான்கு வைத்தியர்களின் சீட்டுகளைக் காட்டி, “எந்த மருந்துக்கும் கேட்கவில்லை” என்றார். தேதிகளைப் பார்த்தோம். எதையும் அவர் மூன்று வாரத்துக்கு மேல் உட்கொள்ளவில்லை.

மனச்சோர்வு நோயில் உறக்கமும் பசியும் ஊக்கமும் வாரக்கணக்கில் குன்றி, உயிர் வாழ்வதே வீண் என்னும் எண்ணம் தலையெடுக்கும். 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் இதற்கு ஆளாவதைக் கண்டது. நோயுற்றோரில் 100க்குச் சுமார் 85 பேரைச் சிகிச்சை எட்டவில்லை.

இரண்டு வேறு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் தணியாத சோர்வையே மருந்துக்குக் கேட்காதது என்று வைத்தியர்கள் வகுக்கின்றனர். ஆங்கிலப் பெயரை நேராகப் பெயர்த்தால் ‘சிகிச்சையை எதிர்க்கும்’ என்று வரும். நோயாளியே முரண்டு பிடிப்பதுபோல அது தொனிக்கும். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு, வீட்டுப் பேச்சில் உள்ள ‘கேட்காத’ என்பதே தக்கதாகப் படுகிறது.

உரிய காலம் என்பது ஆறு முதல் எட்டு வாரம். குமட்டலும் வாய் வறட்சியும் முதலில் வரும். பலன் பின்னரே வரும். பலரும் இடையில் நிறுத்துவது இதனாலேதான். தைராய்டுக் குறைவு, மதுப்பழக்கம், முன்பு எப்போதேனும் மிகையான எழுச்சி கண்டிருத்தல் ஆகியவற்றையும் வைத்தியர் ஆராய வேண்டும்.

முறையாக உட்கொண்டும் கேட்காதவர்கள் உண்டு. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரிடம் நடந்து 2006இல் வெளியான பெரும் ஆய்வில், முதல் மருந்திலே முழுக்குணம் கண்டவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். நான்கு படிகளுக்குப் பின் மூன்றில் இரு பங்கினர் என்றார்கள்; இடையில் விலகியவர்களும் தொடர்ந்திருந்தால் மற்றவர்களைப் போலவே குணமடைந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

இத்தகையோருக்கு வேறு மருந்துகள் உண்டு. லித்தியம் சேர்ப்பது உண்டு, அதற்கு இரத்தப் பரிசோதனை அவசியம். உரையாடல்வழிச் சிகிச்சையும் உண்டு. கடுமையான நிலையில் மின்சாரச் சிகிச்சை பெரிதும் உதவுகிறது. 1938இல் ரோமாபுரியில் தொடங்கிய இம்முறையைத் திரைப்படங்கள் தண்டனையாகவே காட்டிவந்தன. இன்று நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, தசைகளைத் தளர்த்திய பின்னரே செய்கிறார்கள். அவ்வாறன்றிச் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுக்கிறது. சில காலம் ஞாபகம் தடுமாறுவது மெய். அதை மறைக்க வேண்டியதில்லை. உடல் நோய்க்கு ஒப்பவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் வசதி தரவேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது.

சாவு எண்ணம் தோன்றினால் மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்கலாகாது. நோயாளியைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசியில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நண்பர் இப்போது ஒரே வைத்தியரிடம் செல்கிறார். பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கையோடு கொண்டுபோனார். வைத்தியர் முதலில் கேட்டதும் அவற்றைத்தான்.