'டச் அண்ட் கோ'ன்னா ஈஸின்னு நினைச்சேன்

இன்னைக்கு ஆங்கில மரபுத்தொடர்களைப் பத்திப் பேசலாம். நான் கோடு எழுதுறவன், இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. ஆனா முதல் வேலையில் ஒரு தொடரைத் தப்பாகப் புரிஞ்சுக்கிட்டு நல்லா மாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வெளிநாட்டு கிளையண்ட் மெசேஜ் போட்டிருந்தார்: "டுநைட்ஸ் ரிலீஸ் இஸ் டச் அண்ட் கோ." எனக்கு அது 'தொட்டுட்டுப் போயிடலாம், சின்ன வேலை'ன்னு பட்டது. டீமிலும் அப்படியே சொல்லிட்டேன். பேக்கப்பைச் சரிபார்க்க வேண்டியவர் வீட்டுக்குக் கிளம்பிட்டார். ராத்திரி டேட்டாபேஸ் மாற்றம் பாதியில் நின்னது. விடியற்காலை நாலு மணி வரை கையால் சரிசெய்தோம். அவர் சொன்னதோட அர்த்தம், 'தப்பிச்சாலும் தப்பிக்கும், கவிழ்ந்தாலும் கவிழும், ஜாக்கிரதை'.

காட்டுப்பள்ளிக்குப் போனப்போ, கடலுக்குப் போற எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "அட, முகத்துவாரத்துல படகு ஏத்துற மாதிரிடா"ன்னார். பழவேற்காடு ஏரி கடலில் சேரும் இடத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைஞ்சுடும். உள்ளே வர்ற படகின் அடிப்பாகம் மணலில் உரசும். உரசி நழுவிட்டா கரை. உரசி நின்னுட்டா, பின்னாடி வர்ற அலை படகைப் புரட்டிடும்.

அப்புறம் தேடினா, 1867இல் வெளியான அட்மிரல் ஸ்மித்தின் மாலுமிகள் அகராதியிலும் கிட்டத்தட்ட இதே காட்சி: கப்பல் தரையில் உரசியும் வேகம் குறையாமல் நூலிழையில் தப்புவது. ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் "இட் வாஸ் டச் அண்ட் கோ"ன்னு சொன்னா, ஆள் பிழைச்சதே பெருசுன்னு அர்த்தம்.

இப்படிக் கடலிலிருந்து கரையேறின தொடர்கள் நிறைய. 'இன் தி ஆஃபிங்' எனக்குப் பிடிச்சது. கரையில் நின்னு பார்த்தா கண்ணுக்குத் தெரியும் தூரக் கடல்தான் ஆஃபிங். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வெளியே, முறை வர்ற வரைக்கும் நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹெச்.ஆர். "சேஞ்சஸ் ஆர் இன் தி ஆஃபிங்"னு எழுதினா, விஷயம் இன்னும் கரைக்கு வரலை, ஆனா கிளம்பியாச்சு. ரெஸ்யூமேவைத் தூசி தட்டி வைக்கலாம்.

'டேக்கன் அபேக்' என்றால் திகைச்சுப் போறது. எதிர்க்காற்று பாய்களைப் பின்பக்கமாக அழுத்தி, ஓடுற கப்பலைச் சட்டுனு நிறுத்துறதுதான் மூலம். 'லேர்ன் த ரோப்ஸ்', பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதுக்குன்னு பழகுறது. புது வேலையில் நெளிவுசுளிவு கத்துக்கிறது.

நாம தினமும் திறக்கிற 'லாக்' கூட கடல் சரக்குதான். கயிற்றில் கட்டின மரக்கட்டையைத் தண்ணியில் போட்டு, ஓடுற கயிற்றின் முடிச்சுகளை எண்ணிக் கப்பல் வேகத்தை அளந்தாங்க. அந்தக் கணக்கு எழுதின நோட்டுதான் லாக் புக். நம்ம சர்வர் லாக் அதோட பேரப்பிள்ளை.

இப்போல்லாம் அந்த கிளையண்ட் புதுசா எதையாவது எழுதினா, "ரிஸ்க் இருக்கா, இல்லையா?"ன்னு நேராகவே கேட்டுடுறேன். போன மாசம் 'பிளெய்ன் செய்லிங்'னு எழுதினார். அதையும் கேட்டேன். சிக்கலே இல்லாத வேலையாம். ஆனாலும் பேக்கப் எடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சோம்.