முழு நைட் முடித்து வருபவருக்கும் ஒரு ஸ்மார்ட் படுக்கையறை

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பக்கம் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மேற்கை மலை அடைத்து நிற்கிறது. அங்குள்ள தோப்பு வீட்டில் ஸ்மார்ட் பல்பு மாட்டி, ‘சூரியன் மறைந்ததும் எரி’ என்று ஆப்பில் சொல்லிவைத்துப் பாருங்கள். வெயில் போய், அடுப்படி மங்கி வெகுநேரம் ஆகியும் பல்பு எரியாது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போடும் ஆப்புக்கு மலை தெரியாது. சூரியன் 1 டிகிரி இறங்க 4 நிமிடம் ஆகும். முகடு 10 டிகிரி உயரத்தில் இருந்தால், கணக்குக்குச் சுமார் 40 நிமிடம் முன்பே வெயில் போய்விடும். ‘அஸ்தமனத்துக்கு 40 நிமிடம் முன்பு’ என்று மாற்றிவைத்தால் இது தீர்ந்துவிடும்.

ஆனால் இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தூக்கத்துக்கான ஸ்மார்ட் கருவிகள் பெரும்பாலும், வீட்டில் எல்லோரும் இரவு 10 மணிக்குப் படுப்பார்கள் என்ற நினைப்பில் செய்யப்பட்டவை. ராஜபாளையம் நூற்பாலை ஊர். பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறிப் போகிறவர்களின் வீடுகள் இங்கே ஏராளம். காலையில் வந்து படுப்பவருக்குத்தான் இந்தக் கருவிகளின் உதவி அதிகம் தேவை.

அதற்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் சில உண்டு. ஏறக்குறைய 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் கிளர்ச்சி அடைந்து, ‘இது பகல்’ என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின் ஹார்மோனின் சுரப்பு அடங்கிவிடுகிறது. 6500 கெல்வின் வெள்ளை பல்பைவிட 2700 கெல்வின் மஞ்சள் பல்பு தூக்கத்துக்கு நல்லது என்பது இதனால்தான். நிறத்தை மட்டும் மாற்றிப் பிரகாசத்தைக் குறைக்காமல் விட்டால் பலன் குறைவு.

இந்த உயிர்க் கடிகார ஆராய்ச்சி இந்தியாவில் வேரூன்றியது நம் பக்கத்தில்தான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனின் குழு குகை வௌவால்களை ஆராய்ந்தது. மனிதர்களைக் கடிகாரமும் சூரிய ஒளியும் தெரியாமல் தங்கவைத்துப் பார்க்கும் அறையும் அங்கே இருந்தது. ஜி.மாரிமுத்து, சந்திரசேகரன் உள்ளிட்டோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அழகானது. இருட்டுக் குகைக்குள் அடைத்துவைத்த வௌவால்கள், கூட்டத்தார் கிளம்புவதையும் திரும்புவதையும் கொண்டே தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொண்டன. கூட்டம் இல்லாத குகையில் அவற்றின் கடிகாரம் தன் போக்கில் விலகிப்போனது.

மனிதனின் கடிகாரத்தை ஆட்டுவிப்பது முதலில் வெளிச்சம், அதன் பிறகுதான் மற்றவை. முழு நைட் முடித்துக் காலை 8 மணிக்கு வெளியே வருபவரின் முகத்தில் நேரே வெயில் அடிக்கிறது. மூளை அதை விடியல் என்று எடுத்துக்கொள்கிறது. உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். அது பழகுவதற்குள் அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறிவிடும்.

எனவே ஆப்பில் மணியை வைத்து நேரம் குறிக்க வேண்டாம். ஷிஃப்ட்டுக்கு ஒன்றாக மூன்று ரொட்டீன்கள் போட்டு, கட்டில் பக்கத்தில் ஒரு பொத்தானில் இணைத்துவிடலாம். ‘முழு நைட்’ பொத்தானை அழுத்தினால் அழைப்பு மணி அடங்க வேண்டும், விளக்குகள் அணைய வேண்டும், அலாரம் மதியத்துக்கு மாற வேண்டும். ஜன்னலுக்கு மோட்டார் எதுவும் தேவையில்லை, கனமான கருந்திரை போதும்.

ஃபேன் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும் இடத்தில் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன்களில் ‘ஸ்லீப் மோட்’ உண்டு. விடியற்காலை குளிரும் என்று அது வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். பகலில் தூங்குபவருக்கு நேர் எதிராகத்தான் வேண்டும். 11 மணிக்குக் கூரை காயும்போது வேகம் குறைந்தால் வியர்த்து எழுந்துவிடுவார். அந்த மோடை நிறுத்திவிட்டு, நேரம் போகப் போக வேகம் கூடும்படி ரொட்டீனிலேயே வைக்கலாம்.

கடைசியாக, கரண்ட் கட். பல ஸ்மார்ட் பல்புகள், கரண்ட் போய் வந்ததும் முழு வெள்ளையில் பளிச்சென்று எரியும். அணைந்திருந்த பல்பு தூங்குபவரின் கண்ணில் அடிக்கும். ‘மின்சாரம் திரும்பினால் முந்தைய நிலைக்கே போ’ என்ற அமைப்பு சில பல்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.