தீவகம் காணச் செல்வோர்க்கு

விடுமுறை வந்ததும் நம்மவர் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் புறப்படுவர். மலையும் அருவியும் காணத்தக்கனவே. அதனை மறுப்பார் யார்? ஆயின், பண்ணைக்கு அப்பால் நம் கண்ணெதிரே கிடக்கும் தீவகத்தை ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தோர் நம்முள் மிகச் சிலர். விடுதியில் நம்முடன் உண்டு உறங்கிய தீவகத் தோழரின் ஊர்களை அறியாமலே நாமும் கல்லூரி வாழ்வை முடித்தோம். இந்நாளில் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆடி, ஆவணியில் ஊருக்கு வருகின்றனர். அவர்களை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம்.

பண்ணைத் தாம்போதி வழியே சென்றால் வேலணைத் தீவு. அதன் வடமேற்கு முனையில் இருப்பது ஊர்காவற்றுறை. வேலணையிலிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. அங்கே குறிகாட்டுவான் துறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறலாம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவற்றுள் உலக வழக்கில் நிலைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஒன்றே எனலாம்.

ஊர்காவற்றுறையை இன்று காண்போர் அதனை ஒரு பெருந்துறைமுகம் என நம்பார். போர்த்துக்கேயர் வன்னிக் காட்டு யானைகளைக் கப்பலேற்றிய இடம் இது. கைற்ஸ் என்ற பெயரே துறைமேடை எனப் பொருள்படும் அவர்தம் சொல்லிலிருந்து வந்தது. எதிரே நீர் நடுவில் நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னாளிற் சிறையாகவும் இருந்தது. அண்மைக் காலத்திற் கடற்படையினர் அதனைத் தங்குவிடுதி ஆக்கினர். சிறையாய் இருந்த இடத்திற் பணங் கொடுத்துத் துயில்வது ஒரு விநோதமே.

நயினாதீவுக்கு நம்மவர் அம்மனைத் தரிசிக்கச் செல்வர். அதே படகில் நாகவிகாரையை வழிபடச் சிங்கள யாத்திரிகரும் வருவர். மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுவே என்பாரும் உளர். இவற்றையெல்லாம் அறிந்தோரும் அங்குள்ள ஒரு கல்லைக் கவனிப்பதில்லை. அது பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழிற் பொறிப்பித்த சாசனம், பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும் என்பது அதன் ஆணை. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொணரும் கலமாயின் சரிபாதி. வந்தவரை எவ்வாறு நடத்துவது என்பதற்கு இத்தீவகத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே விதி இருந்தது. வந்தவர் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதற்கு யாரும் கல் நாட்டவில்லை.

நெடுந்தீவு தொலைவில் உள்ளது. குறிகாட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதே. பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள், உள்ளே ஆள் நுழையத்தக்க பொந்துடைய பெருக்குமரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை எனப்படும் கற்குவை ஆகியவற்றை ஒரு நாளிற் காணலாம். எல்லாவற்றிலும் நம் நெஞ்சில் நின்றவை குதிரைகள். ஐரோப்பியர் ஆட்சியில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த அவை, இன்று உரிமையாளர் இன்றி வெளியிலே திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. எனினும் கோடையில் நீரின்றி அக்குதிரைகள் இறப்பது நின்றபாடில்லை.

நாம் சொல்ல வந்தது இந்த நீரைப் பற்றியே. தீவகத்தில் ஆறு இல்லை, நிலமோ சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை பாறையினூடே இறங்கி, உள்ளே இருக்கும் உப்புநீரின்மேல், கனங் குறைந்ததாகையால், ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அதுவே கிணற்று நன்னீர். பட்டையாலும் துலாவாலும் அள்ளிய காலத்தில் அப்படை கலங்கவில்லை. இயந்திரம் பூட்டி ஒரேயடியாக இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறும். ஏறியபின் அக்கிணறு மீள எத்தனையோ மாரிகள் வேண்டும். நாம் பிள்ளைகளுடன் வரும் ஆடி, ஆவணியோ அப்படை மிகவும் மெலிந்திருக்கும் காலம். நகரத்து விடுதியிற்போல மூன்று வேளை குளிக்க விரும்பும் விருந்தாளி, அயல்வீட்டுக் கிணற்றை அறியாமலே உப்பாக்கக் கூடும்.

மற்றொன்று வீடுகள். 1990ஆம் ஆண்டு தொடக்கம் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவு வழிநெடுகக் கூரையற்ற சுவர்களும் முற்றத்தில் முளைத்த ஆலும் தென்படும். அவற்றின் முன் நின்று படம் எடுப்போரைக் கண்டோம். அவை பழஞ்சின்னங்கள் அல்ல. உரியவர்கள் எங்கோ குளிர்நாட்டில் உறுதிப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வீடுகள். ஒருவேளை படம் எடுப்பவர் பேரனுடையதாகவே இருக்கலாம்.

படகும் அவ்வாறே. நமக்கு உலா, நெடுந்தீவாருக்கு வைத்தியசாலை, சந்தை, பரீட்சை எல்லாம் அதுவே. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அப்படகு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் ஓடியது. வேறு வழி என்ன? ஆதலால் இறங்குதுறையில் நெரிசல் இருந்தால், நோயாளருக்கும் மூட்டை சுமந்தோருக்கும் முதலில் வழி விட்டு, நாம் அடுத்த படகுக்கு நிற்பதே தகும்.

மழை ஓய்ந்த தை, மாசியிற் செல்லக்கூடியவர் அப்போதே செல்க. குளங்கள் நிறைந்திருக்கும், வெளியெல்லாம் புல் பச்சையாய் இருக்கும், குதிரைகளும் கொழுத்து நிற்கும். விடுமுறை அப்போது வாய்க்காதெனில் ஆடியிலே செல்லலாம். குடிநீரை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுசெல்லல் வேண்டும். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டும்.