திருச்சிராப்பள்ளி மாவட்டக் குடும்ப வரலாற்று ஆய்வு

திருச்சிராப்பள்ளி மாவட்டக் குடும்ப வரலாற்று ஆய்வு என்பது இம்மாவட்டத்தில் வாழ்ந்த முன்னோரின் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றை ஆவணங்கள், வாய்மொழிச் செய்திகள் வழியாகக் கண்டறிவதாகும்.

பெயர் மரபு

தமிழரிடையே நிலையான குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாவதால் அது தலைமுறைதோறும் மாறுகின்றது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் உண்டு. எனவே ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய ஊரும் ஆண்டும் இன்றியமையாதவை.

எல்லை மாற்றங்கள்

கரூர், பெரம்பலூர் மாவட்டங்கள் 1995 இல் இம்மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டன. தனி நகராட்சியாக இருந்த திருவரங்கம் 1994 இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆகையால் பழைய ஆவணம் குறிக்கும் ஊர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கலாம்.

சான்றுகள்

* பிறப்பு, இறப்புப் பதிவேடுகள்: 1969 ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது.
* நில ஆவணங்கள்: பழைய பத்திரங்களில் தந்தை பெயரும், பாகப்பிரிவினைப் பத்திரங்களில் உடன்பிறந்தோர் பெயர்களும் காணப்படும்.
* தேவாலயப் பதிவேடுகள்: திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியன பதியப்படும்.
* தர்ப்பணம்: திருவரங்கம் அம்மா மண்டபம் போன்ற படித்துறைகளில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் சொல்லப்படுகின்றன. எழுத்துச் சான்று இல்லாத குடும்பங்களில் இதுவே மூன்று தலைமுறைகளைக் காத்துள்ளது.

புலம்பெயர்ந்தோர்

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், அகவை, ஊர், மாவட்டம் ஆகியன பதியப்பட்டன. ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்துள்ளதால், அவற்றை வாய்விட்டு ஒலித்து வட்டத்தின் ஊர்ப் பட்டியலுடன் ஒப்பிட வேண்டும். அவர்களின் வழித்தோன்றல்கள் பலருக்குச் சொந்த ஊரை அறிய இப்பட்டியலே முதன்மைச் சான்றாகும்.