திராட்சைக் கறை, ஆடிப் புழுதி, ஐப்பசி ஈரம்... ஜமுக்காளத்தையும் கார்ப்பெட்டையும் வீட்டுப் பொருள்களாலேயே சுத்தம் செய்வது எப்படி?

தமிழ்நாட்டில் காற்றுக்குப் பெயர்போன நான்கு கணவாய்களில் கம்பமும் ஒன்று. மற்றவை பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. ஆனி, ஆடியில் மலை இடைவெளி வழியே இறங்கும் காற்று காற்றாலைகளுக்கு நல்லது. கூடத்தில் விரித்திருக்கும் கார்ப்பெட்டுக்கு நல்லதல்ல. ஜன்னலைச் சாத்தினாலும் செம்மண் புழுதி எப்படியோ உள்ளே வந்துவிடும். அது ஓய்ந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை. கொடியில் போட்ட துண்டே இரண்டு நாள் காயாது. கனத்த விரிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தேனி மாவட்டத்து வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை விரிப்புகளைப் பார்க்கலாம். கல்யாணச் சீரில் வந்து பீரோவுக்கு மேலே மடித்துக் கிடக்கும் ஜமுக்காளம், தினமும் படுத்து எழும் கோரைப்பாய், டி.வி-க்கு முன்னால் கிடக்கும் சிந்தெடிக் கார்ப்பெட். மூன்றும் வேறு வேறு பொருள்கள். ஆனால், செல்போனில் ஓடும் வீடியோக்கள் மூன்றுக்கும் ஒரே மருந்தைத்தான் சொல்கின்றன: சமையல் சோடாவைத் தூவு, மேலே வினிகரை ஊற்று, நுரை பொங்கும், அழுக்கு போய்விடும்.

நுரை பொங்கும், அது உண்மை. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வாயு வெளியேறும். வாயு போன பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் லேசான உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு நல்ல பொருள்களைக் கலந்து வீணடிப்பதுதான் அந்த வீடியோக்களின் மொத்தப் பலன். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

முதலில் தூசி, பிறகுதான் தண்ணீர்

புழுதி படிந்த விரிப்பில் எடுத்த எடுப்பில் தண்ணீர் பட்டால் அது சேறாகி இழைகளுக்குள் இறங்கிவிடும். அடியில் தங்கும் மணல் துகள்கள், மேலே நடக்க நடக்க உப்புத்தாள் மாதிரி இழைகளைத் தேய்க்கும். அதனால் முதல் வேலை உதறுவது. மாடிச் சுவரிலோ கனமான கொடியிலோ பின்பக்கம் மேலே தெரியும்படி போட்டு, தடித்த குச்சியால் அடிக்க வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றால் தூசி முகத்தில் அடிக்காது. முகக்கவசம் அவசியம். ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சமையல் சோடா. வியர்வை, சிந்திய பால் போன்றவற்றின் புளித்த வாடையில் அமிலத்தன்மை உண்டு. சோடா அதை முறிக்கிறது. நன்றாகக் காய்ந்த கார்ப்பெட்டில் சல்லடையால் மெல்லிசாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் கிளீனரால் இழுக்கலாம். அது இல்லாத வீட்டில் கெட்டியான பிரஷ்ஷால் பெருக்கிவிட்டு, வெளியே கொண்டுபோய் இன்னொரு முறை உதறினால் போதும். ஈரமான விரிப்பில் தூவினால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

கடையில் வெறுமனே "சோடா" என்று கேட்காதீர்கள். ஆப்ப சோடா வேறு, துணி துவைக்கும் சோடா வேறு. இரண்டாவது பல மடங்கு காரமானது. கம்பளி, பட்டு இழைகளைப் பாழாக்கும், கைத்தோலையும் விடாது.

வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் கலந்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி லேசாகத் தெளித்து, துணியால் ஒற்றினால் வாடை குறையும். காய்ந்ததும் வினிகர் வாசனையும் போய்விடும். பழைய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: மொசைக் தரையிலும் மார்பிளிலும் வினிகரோ எலுமிச்சையோ வழிந்தால் பளபளப்பு போய்விடும். கீழே பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இந்த ஊர்க் கறைகள்

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் சாறு, விரிப்பில் விழுந்தால் லேசில் போகாது. அதன் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். திராட்சைக் கறையில் சோடாவையோ துணி சோப்பையோ போட்டதும் அழுக்கு நீலமாகத் தெரிவது இதனால்தான். எனவே, முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீர். பழைய பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பிறகு வினிகர் தண்ணீர் அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர். மிச்சமிருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. வெந்நீர் வேண்டாம். வெள்ளை சிந்தெடிக் கார்ப்பெட் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடை மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். வண்ண விரிப்பிலும் கம்பளியிலும் அது கறையோடு சேர்த்து நிறத்தையும் வெளுத்துவிடும்.

மஞ்சள் கறை இதற்கு நேர்மாறாகப் பயமுறுத்தும். சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும். காரம் பட்டால் மஞ்சளின் நிறமி அப்படித்தான் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வித்தைதான். பதற வேண்டாம். சோப்பை அலசி வினிகர் தண்ணீரால் ஒற்றினால் மறுபடி மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்கு நல்ல மருந்து வெயில். இரண்டு, மூன்று நாள் வெயில் பட்டாலே நன்றாக மங்கிவிடும்.

வாழைக் கறை விஷயத்தில் ஆறுதல் சொல்ல முடியாது. சின்னமனூர்ப் பக்கம் தோட்டத்தில் தார் வெட்டிவிட்டு வந்த வேட்டியோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் போதும். வாழைச் சாற்றிலுள்ள டானின் வகைப் பொருள்கள் காற்றுப் பட்டுக் கறுத்து இழையைப் பிடித்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே அலசினால் பெருமளவு போகும். காய்ந்து கறுத்துவிட்டால் வீட்டுப் பொருள் எதுவும் முழுசாக எடுக்காது. பிளீச் போட்டால் ஜமுக்காளத்தின் சாயம் போகும், கறை அநேகமாக அங்கேயே இருக்கும். தோட்டத்து வேட்டியை வாசலிலேயே மாற்றிக்கொள்வதுதான் மலிவான வழி.

எண்ணெய் சிந்தினால் கடலை மாவையோ டால்கம் பவுடரையோ கொட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பெருக்கி எடுக்கலாம். மாவு மிச்சமிருந்தால் எறும்பும் கரப்பானும் வரும்.

கைக்குழந்தை சிறுநீர் கழித்த இடத்தை உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த தண்ணீர், பிறகு வினிகர் தண்ணீர். நன்றாகக் காய்ந்த பிறகு சோடா. இந்த வரிசை மாறக்கூடாது. அங்கே பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கலக்கக் கூடாத கலவை

பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவும் ஆசிட் இவற்றில் எதனோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின். பழைய சிறுநீரிலும் அம்மோனியா உண்டு. இரண்டு வாயுக்களும் நுரையீரலை எரிப்பவை. மழைக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திய சிறிய அறையில் கொஞ்சம் வந்தாலும் ஆபத்து. தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்ய நிற்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிப்போக வேண்டும். இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

மழைக்காலத்தில் துவைக்காதீர்கள்

சிந்தெடிக் கார்ப்பெட்டுகள் பலவற்றின் அடியில் ரப்பரோ ஃபோமோ ஒட்டியிருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் அங்கே போய்த் தங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், கீழே ஈரம் நிற்கும். இரண்டு நாளில் பூஞ்சை வாடை வரும். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளுக்கும் இந்த ஈரம் கொண்டாட்டம். அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. அவற்றின் கழிவும் பூஞ்சையின் நுண்விதைகளும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. மழைக்காலம் வந்தாலே பிள்ளைக்கு இளைப்பு என்றால், டாக்டரிடம் போகும்போது தரையில் கிடக்கும் கார்ப்பெட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

சாம்பிராணி, கற்பூரம், வாசனை ஸ்பிரே எல்லாம் வாடையை மூடும், ஈரத்தை எடுக்காது. ஐப்பசியில் கார்ப்பெட்டைத் துவைக்காமல், உதறல், சோடா, கறை விழுந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுப்பது இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முழுசாக அலசும் வேலையைத் தை, மாசிக்கு வைத்துக்கொண்டால், வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து இறங்குவதற்கு முன் எல்லாம் தயாராக இருக்கும். சாரல் அடித்து நனைந்துவிட்டால், இரண்டு நாற்காலிகள் மேல் தூக்கிப் போட்டு, ஃபேன் காற்று அடிப்பக்கமும் படும்படி விடுங்கள். அடி ஃபோமில் கறுப்புப் புள்ளிகள் பரவிவிட்டால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். கொடுத்த காசு போனாலும் வீட்டைவிட்டு வெளியேற்றுவது நல்லது.

ஜமுக்காளமும் கோரைப்பாயும்

பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் பொருள். பட்டை பட்டையாக வண்ணம் ஓடும் கனத்த பருத்தி நூல் வகையும் உண்டு, செயற்கைப் பட்டு நூலில் நெய்ததும் உண்டு. துவைப்பதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் தண்ணீரில் போடவே வேண்டாம். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. சாயம் ஏற்றும்போது சில வகைகளுக்கு உப்பு சேர்ப்பார்கள்; ஏற்றி முடித்த துணியில் ஒட்டாத சாயத்தை அது பிடித்து வைக்காது.

சாயம் போகாதென்றால், இரவு ஊறவைத்த பூந்திக்கொட்டையைப் பிசைந்து வடிகட்டிய நுரைத் தண்ணீர் போதும். அதிலுள்ள சப்போனின் மென்மையான சோப்பு மாதிரி வேலை செய்யும். குளிர்ந்த தண்ணீர், தனி வாளி, நீண்ட நேரம் ஊறவைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. ஆற்றில் போட்டு அலசலாம் என்று தோன்றும். நனைந்த ஜமுக்காளம் ஓர் ஆள் கனம் இருக்கும். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்ட நாள்களில் அது ஆளையும் சேர்த்து இழுக்கும். மொட்டைமாடியே போதும்.

கோரைப்பாயை ஊறவைத்தால் போச்சு. உப்புத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் கோரை ஓடும் திசையிலேயே துடைத்து, காலை வெயிலில் காட்டி எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் கோரை முறியும். மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வைப்பது நல்லது.

மடித்து வைக்கும் ஜமுக்காளத்தில் அந்துருண்டை போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நாப்தலீன் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கைக்குழந்தை படுக்கும் விரிப்பில் அது வேண்டாம். உலர்ந்த வேப்பிலை, வசம்பு, வெட்டிவேர் இவற்றைத் துணியில் முடிந்து வைக்கலாம். போடி, கம்பம் பக்கத்து வீடுகளில் ஏலக்காய்த் தோலுக்குப் பஞ்சமில்லை. அதையும் முடிந்து நடு மடிப்பில் வைத்தால் வாசனையாக இருக்கும். ஆனால், மடிப்பதற்கு முன் விரிப்பின் நடுவில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து, மேலே கனமான புத்தகத்தை வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். பேப்பர் நமுத்திருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை.