எண் சொல்வதும் திரை சொல்வதும்

கணினித் திரையில் தோன்றும் காட்சி, நுண்ணிய படப்புள்ளிகளின் தொகுப்பாகும். கிடைமட்டத்தில் 1920 புள்ளிகளும் செங்குத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. அசைவு சீராகத் தெரிய வேண்டுமாயின், அக்காட்சியை நொடிக்கு 60 முறையேனும் புதிதாக வரைதல் நன்று. அவ்வாறு வரையும்போது ஒரு நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டியுள்ளது. ஒரு சட்டகத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் காலம் 16.7 மில்லி நொடி மட்டுமே. இப்பணிக்கென அமைந்ததே வரைகலை அட்டை.

கணினியின் மையச் செயலகம் சிக்கலான வேலைகளை விரைந்து முடிக்க வல்லது. ஆயினும் அதில் உள்ள கோர்கள் சிலவே. வரைகலைச் செயலியிலோ எளிய கணக்கிடும் அலகுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் கணிக்கப் பெரும்பாலும் அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே பல அலகுகள் ஒரே வேளையில் வேலை செய்யலாம். நடவு வயலை நினைத்துப் பாருங்கள். எத்துணை வல்லவராயினும் ஒருவர் தனியே நடுவதைவிட, நாற்பது பேர் வரிசையாக நின்று நட்டால் வயல் விரைவில் நிறையும்.

நடவு விரைவாக நடைபெற ஆள்கள் மட்டும் போதுமா? அவர்தம் கை வேகம், வரப்பில் அடுக்கியுள்ள நாற்று முடிகள், அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் வழியின் அகலம் ஆகிய யாவும் வேண்டும். வரைகலை அட்டைப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் எண்களும் இவற்றையே குறிக்கின்றன. கோர்களின் எண்ணிக்கை ஆள்களையும், கடிகார வேகம் கை வேகத்தையும், நினைவகக் கொள்ளளவு வரப்பிலுள்ள நாற்றையும், தரவுப் பாட்டையின் அகலம் வழியையும் ஒக்கும்.

கூடிய எண், கூடாத வேகம்

என்விடியா நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ என்னும் அட்டையையும், 2020ஆம் ஆண்டில் ஆர்டிஎக்ஸ் 3070 என்னும் அட்டையையும் வெளியிட்டது. முன்னதில் 4352 கோர்கள், பின்னதில் 5888. ஒரு கோர் ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு தசம எண் கணக்குகளைச் செய்யும் எனக் கொண்டு, கோர்களின் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தாலும் இரண்டாலும் பெருக்கினால், பழைய அட்டை நொடிக்கு ஏறத்தாழ 13.4 லட்சம் கோடிக் கணக்குகளையும், புதிய அட்டை 20.3 லட்சம் கோடிக் கணக்குகளையும் செய்யவல்லது என்னும் விடை கிடைக்கும். புதியது ஒன்றரை மடங்கு விரைவாக இயங்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் விளையாட்டுகளை இயக்கிச் சோதித்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தைத்தான் தந்தன.

காரணம் கோரின் அமைப்பிலேயே உள்ளது. பழைய அட்டையில் தசம எண் கணக்குகளுக்கும் முழு எண் கணக்குகளுக்கும் தனித்தனி அலகுகள் இருந்தன. கோர் என எண்ணப்பட்டவை தசம எண் அலகுகள் மட்டுமே. புதிய அட்டையில் எண்ணப்பட்ட கோர்களுள் பாதி, இருவகைக் கணக்குகளுக்கும் பொதுவானவை. அவை முழு எண் கணக்கில் ஈடுபட்டிருக்கும் வேளையில் தசம எண் கணக்கிற்கு உதவா. இரண்டு அட்டைகளிலும் ‘கோர்’ என்ற சொல் ஒன்றே; அது சுட்டும் பொருள் வேறு. நினைவகத்தைப் பொறுத்தவரை பழைய அட்டையே மேம்பட்டது. அதன் 352 பிட் பாட்டையில் தடம் ஒன்றுக்கு நொடிக்கு 14 ஜிகாபிட் செல்லும். இரண்டையும் பெருக்கி 8ஆல் வகுத்தால் நொடிக்கு 616 ஜிகாபைட் எனக் காணலாம். புதிய அட்டையின் 256 பிட் பாட்டைக்கு இதே கணக்கு 448 ஜிகாபைட்டையே தருகிறது. ஆள்கள் மிகுந்தனர், நாற்று வரும் வழி குறுகிற்று.

எனினும் புதிய அட்டையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. பழையதன் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 999 டாலர். புதியதன் விலை 499 டாலர்.

நான்கு ஜிகாபைட்டின் கதை

மேற்கண்ட நிகழ்வில் எண்கள் யாவும் உண்மையே. எண்ணே பிழைபட்ட நிகழ்வும் ஒன்று உண்டு. 2014 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 970, நான்கு ஜிகாபைட் நினைவகத்துடன் 329 டாலர் விலையில் வெளிவந்தது. விலைக்கு மிஞ்சிய ஆற்றல் உடையது எனப் பாராட்டும் பெற்றது. ஆனால், 3.5 ஜிகாபைட் அளவை நெருங்கியதும் அட்டை தயங்குவதைப் பயன்படுத்துவோர் சிலர் கவனித்தனர். 2015 ஜனவரியில் நிறுவனம் விளக்கமளித்தது. நினைவகம் இரு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. 3.5 ஜிகாபைட் பகுதிக்கு நொடிக்கு 196 ஜிகாபைட் வேகம். எஞ்சிய அரை ஜிகாபைட்டுக்கு வெறும் 28. வரப்பில் நாற்று இருந்தது உண்மையே. அதில் ஒரு பங்கு ஒற்றையடிப் பாதைக்கு அப்பால் கிடந்தது! படப்புள்ளிகளை முடிவாக எழுதும் அலகுகளும் அறிவித்தபடி 64 அல்ல, 56 மட்டுமே. பொறியாளர்க்கும் விற்பனைப் பிரிவினர்க்கும் இடையே நேர்ந்த தகவல் பிழை என நிறுவனம் கூறியது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், அட்டை ஒன்றுக்கு 30 டாலர் வழங்க 2016இல் உடன்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வெளியான நாளில் ஆய்வாளர்கள் அளந்து கூறிய வேகம், உண்மை வெளிப்பட்ட பின்னரும் மாறவில்லை. அளவீடு மெய்யாக இருந்தது, விவரக்குறிப்பே பொய்த்தது. அவ்வாறாயின் வாங்கியவர்க்கு இழப்பு யாது? அளவீடு அன்றைய விளையாட்டுகளைக் கொண்டு செய்யப்பட்டது. பின்னாளில் வரவிருக்கும், நினைவகத்தை மிகுதியாகக் கேட்கும் விளையாட்டுகளையும் எண்ணியே ஒருவர் நான்கு ஜிகாபைட்டுக்குப் பணம் கொடுக்கிறார். அந்த எதிர்பார்ப்பிற்கு ஆதாரம் விவரக்குறிப்பு ஒன்றே.

அளவீட்டைப் படித்தல்

‘நொடிக்கு 60 சட்டகம்’ என்னும் சராசரியும் முழுச் செய்தியைத் தருவதில்லை. ஒரு நொடியின் முதற்பாதியில் 59 சட்டகங்கள் விரைந்து தோன்றி, கடைசிச் சட்டகம் மறுபாதி முழுவதையும் எடுத்துக்கொண்டது எனக் கொள்வோம். சராசரி 60தான், காண்பவர்க்கோ திரை அரை நொடி உறைந்து நிற்கும். இதனால்தான் நல்ல ஆய்வுகள், மிக மெதுவாக வந்த ஒரு சதவீதச் சட்டகங்களின் வேகத்தையும் தனியே குறிப்பிடுகின்றன. சோதனைக் கணினியின் மையச் செயலகம் எது, திரையின் படப்புள்ளிகள் எத்தனை என்பனவற்றையும் காண வேண்டும். மையச் செயலகம் மெதுவானதாயின் வலிய அட்டையும் எளிய அட்டையும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

மடிக்கணினி வாங்குவோர் இன்னும் சற்று விழிப்புடன் இருத்தல் வேண்டும். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3080 அட்டையில் 8704 கோர்கள் உள்ளன. மடிக்கணினியில் அதே பெயருடன் வந்த செயலியில் 6144 மட்டுமே. அச்செயலிக்கு எத்தனை வாட் மின்னாற்றல் அளிப்பது என்பதை மடிக்கணினியைத் தயாரிப்பவரே முடிவு செய்கிறார். ஆகவே ஒரே பெயர் தாங்கிய இரு மடிக்கணினிகளுள் ஒன்று மற்றொன்றைவிட மெதுவாக இயங்குவது இயல்பே. கடையில் அந்த வாட் அளவைக் கேட்டறிந்த பின்னரே விலையைப் பேசலாம்.