அஞ்ஞாதவாசம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருள் சிலர், "எங்கள் அஞ்ஞாதவாசம் இன்னும் முடியவில்லை" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அச்சொல் நம் வாழ்வுக்குப் பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

'ஞாதம்' என்பது அறியப்பட்டது; 'அஞ்ஞாதம்' அறியப்படாதது; 'வாசம்' வசித்தல். தம்மை இன்னாரென்று பிறர் அறியாவண்ணம் வாழ்தலே அஞ்ஞாதவாசம். வடசொல்லாகிய இதனைத் தமிழில் 'கரந்துறைதல்' எனலாம். இந்தி, வங்காளி, மராத்தி, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் இச்சொல் ஒலிப்பில் சிறிது வேறுபட்டு வழங்குகின்றது. ஆதலின் நம் அண்டை வீட்டாரும் இதனை அறிவர்.

பாரதக் கதையில் பாண்டவர்க்கு விதிக்கப்பட்டவை இரண்டு: 12 ஆண்டு வனவாசம், 13-ஆம் ஆண்டில் அஞ்ஞாதவாசம். காட்டில் இருந்தபோதும் அவர்கள் பாண்டவராகவே இருந்தனர். முனிவரும் உறவினரும் நாடி வந்து கண்டனர். விராடன் நகரிலோ மக்கள் நடுவே இருந்தும், தருமன் கங்கனாகவும், அருச்சுனன் பிருகந்நளையாகவும், திரௌபதி சைரந்திரியாகவும் மறைந்து வாழ்ந்தனர். எவரேனும் கண்டுகொண்டால் மீண்டும் 12 ஆண்டு காடேக வேண்டும். ஆகவே, ஊரைப் பிரிந்திருத்தல் வனவாசம்; பெயரையும் மறைத்திருத்தல் அஞ்ஞாதவாசம்.

அண்மை வரலாற்றிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 1941-ஆம் ஆண்டு சனவரியில் நேதாஜி கல்கத்தாவை விட்டு வெளியேறி, முகம்மது ஜியாவுதீன் என்ற பெயரில் பெஷாவர் சென்றார். அஞ்ஞாதவாசம் என்னும் சொல் அங்கே பொருந்தும். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். ஒற்றர்களும் அவரை அறிந்தே கண்காணித்தனர். அது அஞ்ஞாதவாசம் அன்று, அடைக்கல வாழ்வு.

பிழைப்பின் பொருட்டு ஊரைப் பிரிந்த நம் வாழ்வும், சொந்தப் பெயரோடும் மொழியோடும் நடக்கும்வரை, அஞ்ஞாதவாசம் ஆகாது. ஆனால் நகைப்புக்கு அஞ்சிப் பெயரை மாற்றிச் சொல்பவரும், "தெருவில் தமிழ் பேசாதே" என்று குழந்தையைத் தடுப்பவரும் நம்மிடையே உண்டு. அங்கே இச்சொல் வேடிக்கையாக நில்லாமல் மெய்யாகிவிடுகின்றது. பாண்டவர் சூதில் தோற்று அந்நிபந்தனைக்கு உட்பட்டனர்; அதற்கும் ஓராண்டே எல்லை. நமக்கு அத்தகைய நிபந்தனையை விதித்தவர் எவருமிலர். நாமே விதித்துக்கொண்டால், அதற்கு எல்லை வகுப்பவர் யார்?